'ஸ்க்ரீன் ஷேரில் தெரியாது' என்று விற்கும் இன்டர்வியூ ஆப்: வடசென்னைப் பிரெஷர்கள் பணம் கட்டும் முன் படிக்க

மூலக்கடை, எம்.கே.பி. நகர், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் படித்து முடித்த பிள்ளைகளிடம் 'இன்டர்வியூ சப்போர்ட்' என்ற பெயரில் பணம் பிடுங்குகிறார்கள். போர்டில் கன்சல்டன்சி என்றோ சாஃப்ட் ஸ்கில்ஸ் டிரெய்னிங் என்றோ இருக்கும். உள்ளே விற்பது, ஆன்லைன் இன்டர்வியூ நடக்கும்போது கேள்வியைக் கேட்டு ஏஐ பதிலைத் திரையில் காட்டும் ஒரு ஆப். ஏமாந்தவர்களின் ரசீது, வாட்ஸ்அப் சாட், கம்பெனியின் ரிஜெக்ட் மெயில் என்று எதைப் பார்த்தாலும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். பெயர் போடவில்லை. இவர்கள் பெயர் அடிக்கடி மாறும், பேச்சு மாறாது.

முதல் நாள் பணமே கேட்க மாட்டார்கள். கூகுள் மீட்டில் ஒரு டெமோ. எதிரில் அவர்கள் ஆளே இன்டர்வியூ எடுப்பார், ஆப் பதில் காட்டும், ஸ்க்ரீன் ஷேரில் ஒன்றும் தெரியாது. பார்க்கிற பிள்ளைக்கு வாய் பிளக்கும். பிறகு 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்று 2,000, 3,000. இன்டர்வியூ தேதி வந்ததும் 'லைவ் சப்போர்ட்' என்று இன்னும் பெரிய தொகை, அதுவும் முந்தின ராத்திரி, யோசிக்க நேரம் இல்லாதபோது. எல்லாம் யாரோ ஒருவரின் சொந்த நம்பருக்கு ஜிபே. ரசீது கேட்டால் 'பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்த சீட்டு. ஆப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. பின்னால் சண்டை போடும்போது 'டிரெய்னிங் கொடுத்தோமே' என்று சொல்லத்தான் அந்தச் சீட்டு.

ஜிஎஸ்டி எண் இல்லை என்பதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்ட முடியாது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் '18 சதவீதம் ஜிஎஸ்டி தனி' என்று வாங்கிக்கொண்டு ரசீதில் எண் போடாதவன் திருடன்தான், அதில் சந்தேகமே வேண்டாம். சிலர் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட் ஒரிஜினலையும் 'வெரிஃபிகேஷனுக்கு' என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுக்கவே கூடாது. மீதிப் பணத்தை வசூலிக்க அதுதான் அவர்கள் பிடி.

ஆப் பற்றி அவர்கள் சொல்வதில் பாதி உண்மை, அதனால்தான் விற்கிறது. ஒரு ஜன்னலைத் திரைப்பதிவில் வராமல் மறைக்கும் வசதி விண்டோஸ் 10-இல் 2020-இல் வந்த '2004' என்ற எண்ணுள்ள பதிப்பிலிருந்தே இருக்கிறது. புரோகிராமரிடம் கேட்டால் ஒரு வரி வேலை என்பார். 2025-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இதே மாதிரி ஆப் செய்து விற்று, விவகாரம் இடைநீக்கம் வரை போய் உலகம் முழுக்கச் செய்தியானது. அதற்குப் பிறகு பேனலில் உட்காருகிறவர்களுக்கு இது தெரியாத வித்தை இல்லை. அதே ஆண்டு, குறைந்தது ஒரு சுற்றையாவது நேரில் வைக்கப் போவதாகக் கூகுளின் சுந்தர் பிச்சையே சொன்னார்.

மாட்டிக்கொள்வது ஸ்க்ரீன் ஷேரில் இல்லை. கேள்வி முடிய வேண்டும், பேச்சு எழுத்தாக மாற வேண்டும், ஏஐ மாடலுக்குப் போய் பதில் திரும்ப வேண்டும். இதற்குச் சில நொடி பிடிக்கும், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இன்னும் கூடும். தெரிந்தவன் எளிய கேள்விக்கு உடனே பதில் சொல்வான், கஷ்டமான கேள்விக்குத் திணறுவான். ஆப் வைத்திருப்பவனுக்கு இரண்டுக்கும் ஒரே இடைவெளி, இரண்டுக்கும் ஒரே சரளம். அனுபவமுள்ள பேனல் கவனிப்பது இதைத்தான். அடுத்து கண்: இடமிருந்து வலம் ஓடித் திரும்பும் ஓட்டம் கேமராவில் நன்றாகத் தெரியும், கண்ணாடி போட்டிருந்தால் அதில் எழுத்தின் நிழலே விழும். சந்தேகம் வந்தால் பேனல் வழியை மாற்றும். 'உங்க ப்ராஜெக்ட்ல எத்தனை டேபிள், எதுக்கு எது பிரைமரி கீ, டீம்ல யார் எந்தப் பகுதி செஞ்சாங்க' என்று கேட்பார்கள். உங்கள் ப்ராஜெக்ட் ஆப்புக்குத் தெரியாது, பொதுவாக ஏதோ அளக்கும். 'கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க' என்பதும் உண்டு. முழுத் திரையையும் காட்டி, ஓடும் ஆப்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்வதும் உண்டு. கோடிங் டெஸ்ட் என்றால் விசை அழுத்தத்தையே பதிவு செய்து திரும்ப ஓட்டிப் பார்க்கும் தளங்கள் இருக்கின்றன. ஒரு பிழைகூட இல்லாமல், ஒரு தடவைகூட அழிக்காமல் நாற்பது வரி வந்து விழுந்தால் அது யார் எழுதியது என்று கேட்கவே வேண்டாம்.

ஆப்பை ஏற்றும் விதம் இன்னும் ஆபத்து. ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், 'இல்லைன்னா பிளாக் பண்ணிடும்' என்று. வேறொரு இடத்திலிருந்து லேப்டாப்பை இயக்கும் எனிடெஸ்க் ஆப் வழியாக உள்ளே வந்து அவர்களே நிறுவுவார்கள். ஆள் இல்லாதபோதும் நுழைய ஒரு பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போவதும் நடக்கிறது. ஆதார், பான் ஸ்கேன், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, பேங்க் லாகின் எல்லாம் அதே லேப்டாப்பில்தானே கிடக்கிறது?

இதற்கு அடுத்த படி 'ப்ராக்ஸி': வேறொருவர் பேச நீங்கள் வாயசைப்பீர்கள், அல்லது உங்கள் பெயரில் அவரே உட்காருவார். இது வெறும் ரிஜெக்டோடு நிற்காது. கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். கேஸ் என்று வந்தால் விண்ணப்பித்தவர் பெயர்தான் முதலில் நிற்கும், ஆபீஸ் ஷட்டர் அதற்குள் இறங்கியிருக்கும்.

இந்த வியாபாரத்தால் ஆப்பைக் கண்ணாலும் பார்க்காத பிள்ளைகளும் மாட்டுகிறார்கள். தமிழ் மீடியத்தில் படித்தவர் கேள்வியைத் தமிழில் வாங்கி, ஆங்கிலத்தில் கட்டி, பிறகு சொல்கிறார். அந்த இடைவெளியும், மேலே பார்க்கிற கண்ணும், மனப்பாடம் செய்த 'செல்ஃப் இன்ட்ரோ'வும் சேர்ந்தால் எதிரில் இருப்பவருக்கு ஆப் மாதிரியே தெரியும். இதற்கு மருந்து வாயைத் திறந்து யோசிப்பது. 'இது புரிகிறது, இந்த இடம் யோசிக்கிறேன், முதலில் இப்படிச் செய்து பார்ப்பேன்' என்று அரைகுறை ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள். இலக்கணப் பிழையோடு வரும் பதிலைக் கேட்டு யாரும் ஏஐ என்று நினைக்கப் போவதில்லை.

வீட்டு ஏற்பாட்டிலும் கவனம் வேண்டும். லேப்டாப்பைத் தடிமனான நோட்டுகள் மேல் ஏற்றி, கேமரா கண் மட்டத்துக்கு வரச் செய்யுங்கள். மீட்டிங் ஜன்னலைச் சுருக்கிக் கேமராவுக்கு நேர் கீழே இழுத்து வையுங்கள். பேனல் முகத்தைப் பார்த்தாலே கேமராவைப் பார்ப்பதுபோல் இருக்கும். வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும், ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருட்டி, முகத்தைத் தேடும் புரோக்டரிங் (தேர்வுக் கண்காணிப்பு) மென்பொருள் சந்தேகம் என்று குறிக்கும். இரண்டாவது மானிட்டர், டிவி இணைப்பு இருந்தால் கேபிளையே கழற்றுங்கள். பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாத புதுப் புரொஃபைல் திறங்கள். இலக்கணம் திருத்துவதும் மொழிபெயர்ப்பதும்கூட ஏஐ என்றே கணக்காகும். பேக்ரவுண்ட் பிளர் வேண்டாம், சுவர் காரை பெயர்ந்திருந்தால் பெயர்ந்திருக்கட்டும். ஹாட்ஸ்பாட் போன் என்றால் கைக்கு எட்டாத தூரத்தில், கேமராவில் தெரியும்படி வைத்து, 'நெட் இதிலிருந்து வருகிறது' என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒற்றை அறை வீட்டில் பக்கத்து வீட்டுச் சத்தத்தையும் குறுக்கே வரும் குழந்தையையும் தடுக்க முடியாது, அதையும் முன்கூட்டியே சொல்வது நல்லது. சொன்ன பிறகு கேட்டால் அது சத்தம், சொல்லாமல் கேட்டால் யாரோ பதில் எடுத்துக் கொடுக்கிறார்கள். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற, பலரும் உட்கார்ந்து படிக்கவும் வேலை செய்யவும் உள்ள பொது இடத்துக்குப் போவதென்றால், பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இடம் கிடைக்குமா என்று முந்தின நாளே விசாரியுங்கள்.

செய்யாததற்குச் சந்தேகப்பட்டு ரிஜெக்ட் ஆனால் அன்றைக்கே எச்ஆருக்கு மெயில் போடுங்கள். கெஞ்சலும் வேண்டாம், கோபமும் வேண்டாம். எந்தக் கேள்வியில், எந்த நிமிடத்தில் சந்தேகம் வந்தது என்று கேளுங்கள், பதிவை ஒரு மனிதர் பார்க்கச் சொல்லுங்கள், 'செலவு என்னுடையது, நேரில் வந்து அதே சுற்றை எழுதத் தயார்' என்று எழுதுங்கள். கடைசி வரிதான் வேலை செய்யும், ஏமாற்றுகிறவன் அதை எழுத மாட்டான். எழுத்துத் தேர்வில் 'ஏஐ டிடெக்டர்' காட்டியது என்றால் இன்னொன்றும் சேர்க்கலாம்: ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஏஐ எழுதியதாக டிடெக்டர்கள் தவறாகச் சொன்னதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் காட்டினார்கள். ஓபன்ஏஐ தன் டிடெக்டரையே துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. வீட்டுக்குக் கொடுத்த அசைன்மென்ட் என்றால் கூகுள் டாக்ஸில் எழுதுங்கள், திருத்த வரலாறு தானாகச் சேரும். 'சந்தேகத்தை நீக்க ஃபீஸ் கட்டுங்கள்' என்று யார் கேட்டாலும் அது மோசடி. எந்த எச்ஆரும் அதற்குப் பணம் வாங்குவதில்லை.

பணம் கட்டியாகிவிட்டது என்றால் லேப்டாப்பில் உடனே எதையும் அழிக்காதீர்கள். நெட்டைத் துண்டித்துவிட்டு, ஆப், எனிடெஸ்க், சாட், டெமோவுக்கு வந்த லிங்க் எல்லாவற்றையும் போனில் படமெடுங்கள். அதே போனில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், பணம் இன்னும் கணக்கில் இருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு, நேரம் ஆக ஆக அந்த வாய்ப்பு குறையும். யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணைக் கேட்பார்கள், ஜிபேயில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்தால் இருக்கும். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறு சாதனத்திலிருந்து மாற்றிய பிறகு லேப்டாப்பில் விண்டோஸையே புதிதாக ஏற்றுங்கள், ஆப்பை மட்டும் நீக்கினால் போதாது. 'பயிற்சிக் கட்டணம்' சீட்டு இருந்தால் கிழித்துப் போட வேண்டாம். சொன்ன பயிற்சியும் தரவில்லை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அதுவே ஆதாரம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நுகர்வோர் உதவி எண் 1915-இல் கேட்டால் வழி சொல்வார்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டைப் பிடித்து வைத்திருந்தால் அதற்குத் தனியாக, அந்த ஆபீஸ் இருக்கும் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் எண் (புகாரைப் பெற்றதற்கான பதிவு எண்) வாங்குங்கள்.