‘மருந்து’ என்ற சொல்லைப் பின்தொடர ஓர் இணையச் சேவை: சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதிகள்

ஒரு சொல் எங்கிருந்து வந்தது, அண்டை மொழிகளில் அது எந்த உருவத்தில் வாழ்கிறது என்று அறிய விரும்பும் தமிழ் வாசகருக்கு இன்று கிடைக்கும் இலவசச் சேவைகளில், சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் தெற்காசிய அகராதித் தொகுப்பையே நான் முதலாவதாகச் சொல்வேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி, பெப்ரிசியஸ் அகராதி, பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதி, இந்திய-ஆரிய மொழிகளுக்கு டர்னர் செய்த ஒப்பீட்டு அகராதி ஆகியவை அங்கே ஒரே வாசலில் கிடைக்கின்றன. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து ஒரே சொல்லைத் தேடும்போதுதான் இந்தச் சேவையின் அருமை புரிகிறது. அப்படித் தேடிப் பார்க்க, நாள்தோறும் நம் வாயில் புழங்கும் ‘மருந்து’ மிகப் பொருத்தமான சொல்.

முதலில் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, பின்னர் ஒரு துணைத் தொகுதியையும் பெற்ற இந்த நூல், பிறமொழிகளில் உள்ள இனச்சொற்களை, அதாவது உறவுச் சொற்களை, பகர அடைப்புக்குள் முதலில் தந்து, அதன்பின் ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள் கூறி, இயன்ற இடங்களில் இலக்கிய மேற்கோளும் சேர்க்கிறது. நோய் தீர்க்கும் பொருள் என்பதோடு அமிழ்தம், வசியத்துக்கு இடும் மருந்து, வெடிமருந்து ஆகிய பொருள்களும் இச்சொல்லுக்கு உண்டு என்பதை அங்கே காணலாம். ‘விருந்து புறத்ததாத் தானுண்டல் சாவா மருந்தெனினும்’ என்ற குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள்கூட, அங்கே மருந்து என்பது தேவர் உணவாகிய அமிழ்தம் என்பதைக் கவனிக்காமல் கடந்திருக்கக்கூடும். அவர்களுக்கு இந்த ஒரு பதிவே ஒரு பாடமாக அமையும்.

அடுத்து, சேவையின் உண்மையான செல்வம் என்று நான் கருதும் திராவிடச் சொற்பிறப்பு அகராதி. 1961இல் முதற்பதிப்பும் 1984இல் திருத்திய இரண்டாம் பதிப்பும் கண்ட இதில், 4719ஆம் எண்ணில் ‘மருந்து’ இருக்கிறது. மலையாளத்தில் மருந்நு, கன்னடத்தில் மர்து, மத்து, துளுவில் மர்து, தெலுங்கில் மந்து என்று தென்னக மொழிகளில் தொடங்கும் வரிசை, நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகளைத் தொட்டு, நடுவிந்தியாவைக் கடந்து, சோட்டா நாகபுரியின் குடுக் மொழியில் மந்தர் என்றும் ராஜ்மகால் மலைகளின் மால்தோ மொழியில் மந்த்ரு என்றும் போய் முடிகிறது. எழுத்து மரபு வளராத சமூகங்களின் பேச்சிலும் இச்சொல் இவ்வளவு தொலைவில் நிலைத்திருப்பதைப் பார்க்கும்போது, தமிழ் தனித்து நிற்கும் மொழியன்று, ஒரு பெரிய குடும்பத்தின் உறுப்பு என்ற உண்மை மனத்தில் ஆழப் பதிகிறது. 1930களில் எமனோ நீலகிரியில் தங்கி, தோடர், கோத்தர் பேச்சைக் காதால் கேட்டு எழுதிய உழைப்பும் இவ்வகராதிக்குள் இருக்கிறது. அதற்காக நாம் அவருக்கு நன்றி கூறக் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் இந்த அகராதியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதை வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். இது இனச்சொற்களைத் தொகுத்துக் காட்டுகிறதே தவிர, அவற்றின் மூல வடிவம் இன்னது என்று மீட்டுருவாக்கிச் சொல்வதில்லை. மரத்திலிருந்து கிடைத்ததால் மருந்து என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் விளக்கத்தை இங்கே தேடினால், ‘மரம்’ 4711ஆம் எண்ணில் தனியாகவும் ‘மருந்து’ தனியாகவும் நிற்பதைக் காணலாம். ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு கொண்டாடாத இந்த அடக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

வடமொழிப் பக்கம் போனால் வேறொரு காட்சி விரிகிறது. ‘ஔஷதம்’ மூலிகையைக் குறிக்கும் ‘ஓஷதி’ என்ற சொல்லோடு தொடர்புடையது. இந்திய-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்த சிங்களத்தில் மருந்தை ‘பெஹெத்’ என்கிறார்கள். அது சமஸ்கிருத ‘பைஷஜ்ய’, பாலி ‘பேசஜ்ஜ’ ஆகியவற்றின் வழியில் வந்தது என்பதை டர்னரின் அகராதி தெளிவாக்குகிறது. இலங்கையில் தமிழும் சிங்களமும் அருகருகே வாழ்ந்தும், இந்த அன்றாடச் சொல்லில் ஒவ்வொன்றும் தன் குடும்பச் சொல்லையே கைவிடாமல் வைத்திருக்கிறது.

என்னை மிகவும் ஈர்த்த பகுதி வெடிமருந்து பற்றியது. தெலுங்கு ‘மந்து’வுக்கு நோய் மருந்து, மது, வெடிமருந்து என்ற மூன்று பொருளும் உண்டு. இதே தளத்திலுள்ள பிளாட்ஸின் உருது அகராதியையும் மோல்ஸ்வொர்த்தின் மராத்தி அகராதியையும் திறந்து ‘தாரூ’ என்று தேடினால், பாரசீகத்தில் மருந்தைக் குறித்த அச்சொல் இந்திய மொழிகளில் மதுவையும் வெடிமருந்தையும் குறிப்பதைக் காணலாம். இத்தளத்துக்கு வெளியே, சீன மொழியில் வெடிமருந்தின் பெயரான ‘ஹுவோ யாவோ’வுக்கு நெருப்பு மருந்து என்பதே நேர்ப்பொருள். கிரேக்க ‘ஃபார்மகோன்’ மருந்தையும் நஞ்சையும் மந்திரப் பொருளையும் ஒருசேரக் குறித்தது. பல பொருள்களை அளவறிந்து கலந்து, உடலிலோ உலகிலோ பெரிய மாற்றத்தை உண்டாக்கும் எதையும் மனிதர்கள் ஒரே பெயரால் அழைக்க விரும்பியிருக்கிறார்கள் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. திராவிடச் சொற்பிறப்பு அகராதி முழுவதும் குறியீடுகள் இட்ட உரோமன் எழுத்தில் இருப்பதாலும், மொழிப்பெயர்கள் சுருக்கங்களாகவே வருவதாலும், ஆங்கிலப் பழக்கமில்லாத தமிழ் மாணவர் முதல் பக்கத்திலேயே தயங்கி நின்றுவிடக்கூடும். தமிழ்ப் பேரகராதியில் தமிழ் எழுத்திலேயே தேட முடிகிறது என்பது இதற்கு ஓரளவு ஈடு செய்கிறது. அதைவிடப் பெரிய குறை காலத்தைப் பற்றியது. பயிருக்கு மருந்தடிப்பது, நஞ்சருந்தியவரை ‘மருந்தைக் குடித்துவிட்டார்’ என்று கிராமங்களில் துயரத்தோடு சொல்வது ஆகியவை பூச்சிக்கொல்லிகள் பரவிய பின் எழுந்த வழக்குகள். 1930களில் முடிந்த நூலில் அவற்றை எதிர்பார்க்க இயலாது. அதுபோலவே, யாழ்ப்பாணத்தில் ‘மருந்து எடுக்கப் போகிறேன்’ என்றால் மருத்துவரிடம் போவது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் ‘மருந்து எடுப்பது’ என்றால் வசியத்துக்காக வயிற்றில் இடப்பட்டதாக நம்பப்படுவதை வெளியே எடுப்பது. இத்தகைய வட்டார வேறுபாடுகளை அறிய விரும்புவோர் இத்தளத்தோடு நின்றுவிடாமல், 1992இல் முதலில் வெளிவந்து 2020இல் மூன்றாம் பதிப்புக் கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும், இலங்கை வழக்குக்கு அங்குள்ளவர்களின் பேச்சையும் நாட வேண்டும்.

புதிதாக வருவோர் தமிழ்ப் பேரகராதியில் தொடங்கி, அடைப்புக்குள் உள்ள இனச்சொற்களைக் குறித்துக்கொண்டு, அதன்பின் திராவிடச் சொற்பிறப்பு அகராதிக்குச் செல்வது எளிது. ‘மருந்து’ முடிந்ததும் ‘நோய்’ என்ற சொல்லை இதே வழியில் தேடிப் பார்க்கலாம்.