கேட் ஆப் இருக்கிறது, அக்கம்பக்கம் பழகுகிறதா? ஊருக்கு வருபவர்களுக்குச் சில குறிப்புகள்

வெளிநாட்டிலிருந்து ஊரிலுள்ள தங்கள் ஃபிளாட்டில் சில வாரம் தங்க வருபவர்களுக்கு இப்போது முதல் வேலை, குடியிருப்போர் அசோசியேஷன் வைத்திருக்கும் 'கேட் ஆப்'பில் பெயர் சேர்ப்பதுதான். பராமரிப்புக் கட்டணம், புகார், விருந்தினர் அனுமதி, ஹால் முன்பதிவு எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. இந்தப் பயணத்தில் பார்த்தவரை, வாசல் காவலை ஆப் நன்றாகவே செய்கிறது. குடியிருப்பவர்களைப் பழக வைப்பது மட்டும் தானாக நடப்பதில்லை. அது சில செட்டிங்ஸையும், அவற்றை அக்கறையோடு கவனிக்கும் அட்மினையும் பொறுத்தது.

சிக்கல் உள்நுழைவிலேயே தொடங்குகிறது. வெளிநாட்டு எண்ணுக்கு ஓடிபி வராமல் போகலாம், காலாவதியான பிறகும் வரலாம். கிளம்பும் முன்பே மின்னஞ்சல் வழியாக நுழைய முடியுமா என்று அட்மினிடம் கேட்டுவிடுங்கள். அடுத்தது, உங்களை எப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்பது. 'வசிக்காத உரிமையாளர்' என்று இருந்தால் விருந்தினர் அனுமதியும் ஹால் முன்பதிவும் கிடைக்காமல் போகலாம். தங்கும் நாட்களுக்கு மட்டும் 'குடியிருப்பவர்' என்று மாற்றச் சொல்லுங்கள். காலி செய்துபோன வாடகைக்காரரின் எண்ணை நீக்காவிட்டால், உங்களைப் பார்க்க வருபவர்களுக்கான அனுமதிக் கோரிக்கை அவருக்குத்தான் போகும்.

அறிவிப்பே வரவில்லை என்ற புகார் பெரும்பாலும் உங்கள் போன் செட்டிங்ஸிலேயே சரிசெய்யக்கூடிய விஷயம். ஆண்ட்ராய்டு 13 முதல் ஒவ்வொரு ஆப்பும் அறிவிப்புக்கு அனுமதி கேட்கிறது. அவசரத்தில் மறுத்துவிட்டால் எதுவும் வராது. பேட்டரி சேமிப்பும் ஆப்பைத் தூங்க வைத்துவிடும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆப் அறிவிப்பை நம்பாமல் நேரடி போன் அழைப்பை வைப்பதே நல்லது.

இனி முக்கியமான பகுதி, அட்மினிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவை. தண்ணீர் நிறுத்த அறிவிப்பும் காலை வணக்கமும் ஒரே இடத்தில் விழுந்தால் சில நாளிலேயே எல்லோரும் மியூட் செய்துவிடுவார்கள். அறிவிப்புப் பகுதியில் நிர்வாகிகள் மட்டும் எழுதட்டும். அரட்டைக்கு ஒரு பெரிய குழு வேண்டாம். ஷட்டில், வாசிப்பு, பிள்ளைகளின் விளையாட்டு, பழைய பொருள் கைமாற்று என்று சிறு குழுக்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரும், வாரத்தில் நேரில் கூடும் ஒரு குறித்த நேரமும் இருக்க வேண்டும். கூடும் நேரம் இல்லாத குழுவில் ஃபார்வர்டுதான் மிஞ்சும். இதற்கே தனி ஆப் வேண்டும் என்றுமில்லை. 2022-இல் வந்த வாட்ஸ்ஆப் கம்யூனிட்டி வசதியில், அட்மின்கள் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழுவின் கீழே சிறு குழுக்களைச் சேர்க்கலாம்.

ஹாலை முழுக்க முன்பதிவுக்கே விட்டால் தனி வீட்டு விசேஷங்களுக்கு மட்டுமே அது பயன்படும். வாரத்தில் ஒரு மாலையை யாரும் பதிய முடியாதபடி காலண்டரில் பூட்டி, எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். நான் பார்த்த செட்டிங்ஸிலேயே பழக்கத்தை வளர்ப்பதில் அதிகம் பலன் தருவது இதுதான்.

வாக்கெடுப்பில் ஆளுக்கு ஒரு வாக்கா, ஃபிளாட்டுக்கு ஒன்றா என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் கணவனும் மனைவியும் பதிந்துள்ள வீட்டுக்கு இரண்டு வாக்கு விழும். 24 மணி நேரத்தில் மூடினால் வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிப்பதற்குள் முடிந்துவிடலாம். 72 மணி நேரம் கொடுங்கள். பெருஞ்செலவை உரிமையாளர்கள் முடிவு செய்யட்டும். விளையாட்டு நேரம், ஹால் விதி போன்றவற்றில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் வாக்கு வேண்டும். அங்கே வாழ்வது அவர்கள்தானே.

உறுப்பினர் பட்டியலில் பெயரும் ஃபிளாட் எண்ணும் தெரிந்தால் போதும். தொலைபேசி எண்ணை அவரவர் விரும்பினால் மட்டும் காட்டலாம். ஒரு வீட்டைப் பற்றிய புகார் பொதுவில் வரவே கூடாது. அட்மின் மட்டும் பார்க்கும் தனிப் புகார்ப் பதிவாக (டிக்கெட்) போகட்டும். வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடச் சொல்லுங்கள். தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவோ பதில் சொல்லவோ அவர்களுக்குப் பெரும்பாலும் வழியில்லை. ஒரு வீட்டின் கோபம் பல வீட்டு வேலையைப் பறித்துவிடும்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன், நீண்ட நாள் செல்லும்படி கொடுத்த விருந்தினர் பாஸ்களை ரத்து செய்யுங்கள். உங்கள் பதிவைப் பழையபடி 'வசிக்காத உரிமையாளர்' என்று மாற்றி, அவசரத்துக்கு அழைக்க அதே மாடியில் இருக்கும் ஒருவரின் எண்ணை, அவரிடம் கேட்டுவிட்டு, சேர்த்து வையுங்கள்.