ரெண்டர் செய்ததும் ஏன் வெளுக்கிறது? டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு: நாள்பட்ட பயன்பாட்டுக்குப் பிறகு

"ரிசால்வ் இலவசப் பதிப்புலயே கலர் பண்ணிக்கலாமா, இல்ல ஸ்டுடியோ வாங்கிடணுமா?" கல்யாண வீடியோ எடிட்டிங்கில் புதிதாக இறங்கியிருக்கும் நண்பரின் கேள்வி இது. ரிசால்வ் என்பது வீடியோ எடிட்டிங், கலர் மென்பொருள்; ஸ்டுடியோ அதன் கட்டணப் பதிப்பு. ஒரு வரியில் சொல்ல முடியாததால் இந்தப் பதிவு. நோட் என்றால் என்ன, லிஃப்ட், காமா, கெய்ன் சக்கரங்கள் எங்கே இருக்கின்றன என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ரிசால்வின் அருமையைச் சொல்லிவிட வேண்டும். டாவின்சி என்பது ஒரு காலத்தில் பெரிய ஸ்டுடியோக்கள் மட்டும் வாங்க முடிந்த கலர் இயந்திரத்தின் பெயர். 2009ல் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் அதை வாங்கிய பிறகுதான் சாதாரண கம்ப்யூட்டருக்கு வந்தது. இன்று ஒரு ரூபாய் தராமல் 3840 × 2160 அளவு வரை, 60 ஃபிரேம் வரை வேலை செய்யலாம். நோட், கர்வ், குவாலிஃபயர், பவர் விண்டோ, டிராக்கர், கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் எல்லாம் உண்டு. கலர் கற்றுக்கொள்ளத் தேவையான எதையும் பூட்டி வைக்கவில்லை. நாய்ஸ் ரிடக்ஷன், மேஜிக் மாஸ்க், ஃபிலிம் கிரெய்ன் போன்றவை ஸ்டுடியோவில்தான். தெரியாமல் அவற்றைப் போட்டுவிட்டால் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும்.

வாங்கும் முன்பும் வேலையைத் தொடங்கும் முன்பும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் கேமரா 10 பிட் 4:2:2 எச்.265 எழுதுகிறது என்றால், விண்டோஸில் இலவசப் பதிப்பு அந்த ஃபைலைத் திறக்கிறதா என்று ஒரு கிளிப்பைப் போட்டுப் பாருங்கள். ஒலி மட்டும் வந்து படம் வரவில்லை என்றால் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்கியூஎக்ஸ் என்ற எடிட்டிங் ஃபார்மட்டுக்கு மாற்றித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். ஃபைல் பல மடங்கு பெருத்துவிடும், ஹார்ட் டிஸ்க் கணக்கை முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் மனதைக் கவர்ந்த விஷயம் பரேட் ஸ்கோப், அதாவது படத்தின் நிற அளவுகளைக் காட்டும் வரைபடம். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டபிள்யூ அழுத்தினால் வரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பக்கம் பக்கமாக, 0 முதல் 1023 வரை. கண் பத்து நிமிடத்தில் எந்த நிறச்சாய்வுக்கும் பழகிவிடும். மஞ்சள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே சரி என்று தோன்றும். பரேட் பழகாது. வெள்ளையாக இருக்க வேண்டிய ஒரு பொருளில் மூன்று நிறங்களும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை என்றால், சாய்வு இருக்கிறது, அவ்வளவுதான். திரை எவ்வளவு மலிவானதாக இருந்தாலும் பரேட் காட்டும் எண் மாறாது.

ஆனால் எந்த வெள்ளை என்பதில் கல்யாண வீடியோக்காரர்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை ஆதாரமாக எடுக்கக் கூடாது. பட்டு வேட்டி அசல் வெள்ளை கிடையாது, லேசான சந்தன வெள்ளை. அதில் மூன்று நிறங்களையும் சமமாக்கினால் முகமெல்லாம் நீலம் பாய்ந்து, மணப்பெண் உடம்பு சரியில்லாதவர் போலத் தெரிவார். மல்லிகைப் பூவிலும் பச்சை கலந்திருக்கும். விளக்கு அமைப்பு மாறும் ஒவ்வொரு முறையும், மேடையில் முகம் இருக்கும் இடத்தில் ஒரு கிரே கார்டை (சாம்பல் நிற அட்டை) ஐந்து விநாடி பிடித்து எடுத்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது. கேமராவின் ஆட்டோ வொயிட் பேலன்ஸை அணைத்து வையுங்கள். ஒரே ஷாட்டுக்குள் நிறம் நகர்ந்தால் அதைச் சரிசெய்ய கீஃப்ரேம் போட்டே நாள் போய்விடும். மேடை விளக்கு ஊதாவாகவும் முகத்தின் மேல் விழும் வீடியோ லைட் பகல் வெளிச்ச நிறத்திலும் இருந்தால் முகத்துக்குச் சரிசெய்யுங்கள், பின்புலம் ஊதாவாகவே இருக்கட்டும். இரண்டையும் ஒரே நோடில் சமாதானப்படுத்தப் பார்த்தால் இரண்டும் கெடும்.

நோட் (ஒரு திருத்தத்தைச் செய்யும் பெட்டி) வரிசை பற்றி. எஸ்-லாக்3 மாதிரி லாக் கிளிப் (கான்ட்ராஸ்ட் குறைவாக, தட்டையாகப் பதிவான படம்) என்றால் முதல் நோடில் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம்: கேமராவின் நிறவெளியிலிருந்து டாவின்சி வைட் காமட், இன்டர்மீடியட் என்ற ரிசால்வின் சொந்த நிறவெளிக்கு. கடைசி நோடில் இன்னொன்று: அதிலிருந்து டிவிக்கான ரெக்.709 நிறவெளி, காமா 2.4-க்கு (காமா என்பது கறுப்பிலிருந்து வெள்ளை வரை வெளிச்சம் ஏறும் விதம்). வேலை முழுக்க இவை இரண்டுக்கும் நடுவில். ஒரு நோடில் எக்ஸ்போஷர், அடுத்ததில் வொயிட் பேலன்ஸ், அடுத்ததில் கான்ட்ராஸ்ட், பிறகு தோல், பிறகு லுக். ஆல்ட் + எஸ் புது நோட் சேர்க்கும், கன்ட்ரோல் + டி அந்த நோடை மட்டும் அணைத்துக் காட்டும். ஒரு நோடில் ஒரே வேலை என்று வைத்துக்கொண்டால் எங்கே தப்பு நடந்தது என்று அரை நிமிடத்தில் பிடித்துவிடலாம். எக்ஸ்போஷருக்கு ஆஃப்செட் சக்கரத்தைத் திருப்புங்கள். லாக் படத்தில் அது லென்ஸின் அப்பர்ச்சரைத் திறந்து மூடுவது போல வேலை செய்யும்.

நெட்டில் இறக்கிய லட் கோப்பை (தயாராக அமைத்து வைத்த நிற மாற்றம்) கடைசி நோடுக்குப் பக்கத்தில் போடுங்கள், திருத்தங்களை அதற்கு முன்னால் செய்யுங்கள். லட்டுக்குள் போய் வெட்டுப்பட்ட வெள்ளையை அதற்குப் பின்னால் எந்த நோடாலும் மீட்க முடியாது. முதல் நோடிலேயே லட்டைப் போட்டுவிட்டு, "வானம் எரிஞ்சுபோச்சு, கெய்னைக் குறைச்சாலும் சாம்பலாத்தான் இருக்கு" என்று தவிப்பவர்களுக்கு நடந்தது இதுதான். 8 பிட் கேமராவில் லாக் எடுக்கவே வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அதில் ஒரு பகுதியை மட்டும் லாக் பயன்படுத்துகிறது. இழுத்து விரித்தால் மண்டபச் சுவரில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

கூரைப் புடவைச் சிவப்புக்குத் தனிக் கவனம் வேண்டும். பரேடில் சிவப்பு மட்டும் 1023-ல் தட்டையாக இடித்து நிற்க, பச்சையும் நீலமும் கீழே கிடந்தால், அந்த இடத்தில் நூலும் மடிப்பும் கேமராவிலேயே போய்விட்டன. சாச்சுரேஷனைக் குறைத்தால் மங்கிய சிவப்புக் கறைதான் மிஞ்சும். எடுக்கும்போதே நிற ஹிஸ்டோகிராமைப் பார்த்து அரை ஸ்டாப் குறைத்து எடுப்பதே வழி. இடிக்காமல் விளிம்பில் நிற்கிறது என்றால் ஹியூ வெர்சஸ் சாட் கர்வில் சிவப்பைச் சற்றே இறக்கி, ஹியூ வெர்சஸ் லம்மில் ஒரு துளி கீழே கொண்டுவாருங்கள். ஜரிகை மீண்டும் எழுந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். குங்குமமும் உதடும் சேர்ந்து மங்காமல் இருக்க முகத்தைச் சுற்றி ஒரு விண்டோ போட்டு, டிராக் செய்து விலக்கிவிடுங்கள்.

தோலைப் பிடிக்க, நிறத்தை வைத்துத் தேர்வு செய்யும் குவாலிஃபயரை மட்டும் நம்பினால் நம் ஊர்க் கல்யாணத்தில் ஏமாற்றம்தான். தங்கம், ஜரிகை, சந்தனம், மஞ்சள் கயிறு, தோல் எல்லாம் ஒரே ஆரஞ்சு மூலையில் குவிந்திருக்கும். ஐட்ராப்பரால் கன்னத்தைத் தொட்டு ஷிஃப்ட் + எச் அழுத்திப் பாருங்கள், நெக்லஸ் முழுதும் தேர்வாகியிருக்கும். லூமினன்ஸ் வரம்பின் மேல் எல்லையைக் குறைத்தால் தங்கத்தின் பளபளப்பு விலகும். முகத்துக்கு வட்ட விண்டோவும் சேர்த்தால் மீதியும் விலகும். நிறச்சாயலையும் செறிவையும் வட்டமாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் ஸ்கின் டோன் கோட்டை இயக்கிக்கொள்ளுங்கள். கறுப்போ மாநிறமோ வெளுப்போ, தோலின் நிறச்சாயல் அந்தக் கோட்டையொட்டித்தான் விழும். ஆளுக்கு ஆள் மாறுவது வெளிச்சமும் செறிவும்தான். அதனால் முகத்தைக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள், வெளுக்க வைக்காதீர்கள். மாநிற முகத்தின் வெளிச்சப் பக்கம் வேவ்ஃபார்மில் (வெளிச்ச அளவைக் காட்டும் ஸ்கோப்) பாதி உயரத்தை எட்டினாலே அழகாக இருக்கும். அதை 700-க்கு மேல் தள்ளினால் முகத்தின் வடிவமே தட்டையாகிவிடும், மூக்கு நிழல் போய்விடும், வியர்வைப் பளபளப்பு வெள்ளைத் திட்டாக நிற்கும். "பொண்ணு கலரா தெரியணும்" என்று கேட்கிறார்கள் என்பதற்காக இதைச் செய்வது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன்.

ரிசால்வின் கலர் பக்கத்தில் கறுப்பு கறுப்பாக, புடவை நல்ல அரக்காக நிற்கும். ரெண்டர் முடிந்து ஃபைலைத் திறந்தால் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்தது போல இருக்கும். புதியவர் என்ன செய்வார்? தன் வேலையில்தான் குறை என்று நினைத்துக் கான்ட்ராஸ்டைக் கூட்டுவார், சாச்சுரேஷனை 50-லிருந்து 65 ஆக்குவார், மறுபடி ரெண்டர் போடுவார். தன் லேப்டாப்பில் இப்போது சரியாகத் தெரியும். வாடிக்கையாளர் வீட்டு டிவியில் மாப்பிள்ளையின் கோட்டும் தலைமுடியும் ஒரே கரிக்கட்டை. முகம் செங்கல்.

காரணம் ஒன்றல்ல. மேக்கில் என்றால் குறியீடு. ஒவ்வொரு வீடியோ ஃபைலுக்குள்ளும் நிறவெளி, காமா, மேட்ரிக்ஸ் ஆகியவற்றைச் சொல்லும் மூன்று எண்கள் உண்டு. ரெக்.709-க்கு 1-1-1. காமா 2.4-க்கென்று தனி எண் இல்லாததால் ரிசால்வ் 1-2-1 என்று எழுதுகிறது. நடுவில் உள்ள 2-க்கு 'குறிப்பிடப்படவில்லை' என்று பொருள். மேக்கின் குவிக்டைம் பிளேயரோ படத்தை ஏறக்குறைய 1.96 காமாவில் காட்டுகிறது. 2.4-க்குப் பார்த்துப் பார்த்து அமைத்த நிழல்கள் மேலே எழும்பி வெளுக்கின்றன. அதே ஃபைல் விஎல்சியில் வேறு மாதிரி, டிவியில் வேறு மாதிரி. பிரிஃபரன்ஸில் மேக் டிஸ்ப்ளே புரொஃபைலைப் பயன்படுத்தும் தேர்வை இயக்கி, வெளியீட்டு நிறவெளியை ரெக்.709-ஏ ஆக்கினால் வ்யூவரும் குவிக்டைமும் ஒத்துப்போகும். ஆனால் அந்த ஃபைல் டிவியில் கொஞ்சம் இருட்டாகத் தெரியும். பென் டிரைவில் போட்டு ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கப்போகிற கல்யாண ஆல்பத்துக்கு அது சரிவராது.

விண்டோஸில் பெரும்பாலும் லெவல் பிரச்சினை. வீடியோ ஃபைல்கள் 10 பிட் கணக்கில் 64-ஐக் கறுப்பாகவும் 940-ஐ வெள்ளையாகவும் வைத்து எழுதப்படுகின்றன. திரை 0 முதல் முழு வீச்சையும் காட்டுகிறது. நடுவில் யாராவது விரிக்க மறந்தால் வெளுப்பு, இரண்டு முறை விரித்தால் கரி. என்விடியா கார்டு என்றால் கன்ட்ரோல் பேனலில் வீடியோ கலர் அமைப்புக்குப் போய், என்விடியா அமைப்பைத் தேர்ந்து, அட்வான்ஸ்டு தாவலில் டைனமிக் ரேஞ்சை 0–255 ஆக்கிப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

குற்றவாளி ஃபைலா பிளேயரா என்று கண்டுபிடிக்க இலவசப் பதிப்பிலேயே வழி இருக்கிறது. எடிட் பக்கத்தில் ஜெனரேட்டரிலிருந்து கிரே ஸ்கேலை டைம்லைனில் போட்டு ரெண்டர் செய்யுங்கள். அந்த ஃபைலை உள்ளே கொண்டுவந்து மேல் டிராக்கில், அதே இடத்தில் வையுங்கள். அதன் காம்போசிட் மோடை டிஃபரன்ஸ் ஆக்குங்கள். திரை முழுக்கக் கறுத்து, வேவ்ஃபார்ம் 0-ல் படுத்துவிட்டால் ஃபைல் சுத்தம், பொய் சொல்வது பிளேயர். அப்போது உங்கள் நிறத் திருத்தத்தைத் தொடாதீர்கள். சாம்பல் நிறம் மிஞ்சினால் டெலிவர் பக்கத்தின் அட்வான்ஸ்டு அமைப்பில் டேட்டா லெவல்ஸையும், கிளிப் ஆட்ரிபியூட்ஸில் அதே பெயருள்ள தேர்வையும் பாருங்கள். இரண்டிலும் ஆட்டோதான் பெரும்பாலும் சரி. யாரோ சொன்னார்கள் என்று ஃபுல் ஆக்கி வைத்திருப்பீர்கள்.

நியாயமாகப் பார்த்தால் இதில் ரிசால்வின் பங்கு பாதிதான். ஆபரேட்டிங் சிஸ்டமும் பிளேயரும் ஆளுக்கொரு கணக்குப் போட்டால் ஒரு எடிட்டிங் மென்பொருள் என்ன செய்யும்? ஆனாலும் கோபம் தணியவில்லை. டெலிவர் பக்கத்தில் "இந்த ஃபைல் இந்தத் திரையில் இப்படித் தெரியும்" என்று ஒரு வரி எச்சரிக்கை போதும். எத்தனையோ பேர் தங்கள் கண்ணையும் கையையும் சந்தேகப்பட்டு, கலர் நமக்கு வராது என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போனது இந்த ஒரு வரி இல்லாததால்.

ஸ்டுடியோ 295 டாலர். ஒரே முறை கட்டினால் போதும், இரண்டு கம்ப்யூட்டரில் இயக்கலாம். அதன் நாய்ஸ் ரிடக்ஷன் உண்மையிலேயே அற்புதம். இருண்ட மண்டபத்தில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த படத்தைக் காப்பாற்றும். அது இல்லாதவரை லம் வெர்சஸ் சாட் கர்வின் இடது ஓரத்தைக் கீழே இறக்கி நிழலில் மினுக்கும் நிறப்புள்ளிகளை அடக்கலாம், நிழலைத் தூக்காமல் விடலாம்.

இலவசமாகக் கிடைக்கும் கலர் கருவிகளில் இதன் பக்கத்தில் நிற்க எதுவும் இல்லை. அப்படியிருந்தும் ஐந்துக்கு மூன்றுதான் தருகிறேன், அந்த வெளுப்புக்காக. நண்பருக்குப் பதில்: ஸ்டுடியோ இப்போது வேண்டாம். அந்தப் பணத்தில் ஐபிஎஸ் மானிட்டர் ஒன்றும் கிரே கார்டு ஒன்றும் வாங்குங்கள். டிஃபரன்ஸ் சோதனையை இன்றே செய்யுங்கள். முகூர்த்த ஷாட் ஒன்றை மட்டும் ரெண்டர் செய்து, வீட்டு டிவியை விவிட் மோடிலிருந்து சினிமா மோடுக்கு மாற்றி, பென் டிரைவில் போட்டுப் பாருங்கள். ஜரிகையும் மாப்பிள்ளையின் தலைமுடியும் தனித்தனியாகத் தெரிந்தால் மீதி மூன்று மணி நேர ஆல்பத்தை ரெண்டர் போடலாம்.