சிபிசி சான்றிதழ் நல்லதுதான், அந்த ‘ஏ’ இருக்கிறதே!

பி.எஸ்சி நர்சிங் முடித்த சித்தி மகள் “அக்கா, வேலை தேடறதுக்கு முன்னாடியே சிபிசி எழுதிடவா?” என்று கேட்டிருக்கிறாள். சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலையில், அதாவது நோயையும் சிகிச்சையையும் இன்சூரன்ஸ் பில்லுக்கான கோடுகளாக மாற்றும் வேலையில், இருந்துகொண்டே அமெரிக்காவின் ஏஏபிசி அமைப்பு நடத்தும் அந்த சிபிசி தேர்வை எழுதியவள் நான். இன்றுவரை சான்றிதழைப் புதுப்பித்தும் வருகிறேன்.

தேர்வு அருமையானது. நான்கு மணி நேரம், 100 கேள்விகள், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. கோடு புத்தகங்களைத் திறந்து வைத்தே எழுதலாம் என்பதால் மனப்பாடம் எடுபடாது. விதி புரிந்திருக்க வேண்டும். ஒரே நோயாளியின் சார்ட்டில் (மருத்துவப் பதிவில்) டைப் 2 சர்க்கரையும் நாள்பட்ட சிறுநீரக நோயும் இருந்தால், இதனால் அது வந்தது என்று டாக்டர் எழுதாவிட்டாலும், வேறு காரணம் சொல்லாதவரை இரண்டையும் இணைத்து இ11.22 என்ற கோடு போட வேண்டும். கூடவே நோயின் நிலைக்கு என்18 வரிசையில் ஒரு கோடு. டார்கெட் அவசரத்தில் கை பழக்கமாகப் போட்டுக்கொண்டிருந்த இதற்கெல்லாம் காரணம் என்ன என்று தெரிந்தது தேர்வுக்குப் படித்தபோதுதான். அந்தச் சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். போதிய அனுபவத்தைக் காட்டாமல் பாஸ் ஆனால் கைக்கு வருவது சிபிசி-ஏ. ‘ஏ’ என்றால் அப்ரெண்டிஸ், பயிற்சியில் இருப்பவர். அதை நீக்க இரண்டு வருட அனுபவத்துக்குக் கடிதம் வேண்டும். 80 மணி நேரப் பயிற்சிச் சான்று இருந்தால் ஒரு வருடம் குறையும். விதி நியாயமானதுதான், ஆனால் கடிதம் தரவேண்டியது கம்பெனி. அப்போது நான் இருந்த இடத்தில், கொடுத்தால் ஆள் வேறு இடத்துக்குப் போய்விடுவாள் என்று இழுத்தடித்தார்கள். ஹெச்ஆரைக் கேட்டால் மேனேஜரைக் கேள், மேனேஜரைக் கேட்டால் ஹெச்ஆரைக் கேள். கோடு போடுவதில் 95 சதவீத குவாலிட்டியை (துல்லியத்தை) தாண்டி, புதிதாக வந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த என் பெயருக்குப் பின்னால் அப்ரெண்டிஸ்! நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அந்தக் காலத்துக்கும் ஏஏபிசிக்குச் சந்தா கட்டியாக வேண்டும், இரண்டு வருடத்துக்கு 36 சிஇயு (தொடர்கல்விப் புள்ளிகள்) சேர்த்தாக வேண்டும். போதாததற்கு அக்டோபரில் நோய்களுக்கான ஐசிடி கோடுகள் மாறும், ஜனவரியில் சிகிச்சைகளுக்கான சிபிடி கோடுகள் மாறும்.

‘ஏ’ போனதும், மற்றவர்கள் போட்ட கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர் வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்கப்புறம் தணிக்கைக்கு சிபிஎம்ஏ, நோயாளிகளின் நோய்ச் சுமையைக் கணக்கிடும் ரிஸ்க் அட்ஜஸ்ட்மெண்டுக்கு சிஆர்சி என்று மேற்கொண்டு சான்றிதழ்கள் உண்டு. அஹிமா என்ற இன்னொரு அமெரிக்க அமைப்பின் சிசிஎஸ் சான்றிதழில் இந்த ‘ஏ’ கிடையாது, ஆனால் அதில் உள்நோயாளி கோடிங்கும் அவர்களுக்கான சிகிச்சைகளின் கோடு தொகுப்பான ஐசிடி-10-பிசிஎஸ்ஸும் சேர்ந்து வரும், புதியவர்களுக்குக் கடினம்.

இவ்வளவு புகழ்ந்தும் தங்கச்சிக்கு என் பதில்: இப்போது எழுதாதே. நர்சிங் படிப்பை வைத்தே ஃப்ரெஷராகச் சேர். பாஸானால் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தரும் கம்பெனிகளும் உண்டு. சேரும் முன்பே அதைக் கேள், அனுபவக் கடிதம் எப்போது தருவார்கள் என்றும் கேள். மழுப்பினால் அடுத்த இன்டர்வியூவுக்குக் கிளம்பு.