உள்ளூர் ஆடிட்டரிடம் வரிக் கணக்கு: சில வருட அனுபவம்

சம்பளம் மட்டும் வந்தவரை வரிக் கணக்கை நானே போட்டுக்கொண்டிருந்தேன். பக்க வேலை, கொஞ்சம் முதலீடு என்று சேர்ந்த பிறகுதான் ஆள் வைத்தேன். இப்போது பார்ப்பவர் எனக்கு இரண்டாவது ஆடிட்டர். பல வருடமாக இவரிடம்தான்.

முதலில் இருந்தவர் படு வேகம். ஆவணங்களை அனுப்பினால் மறுநாளே ரிட்டர்ன் தயார். ஆனால் ஒரு கேள்விகூட வராது. கட்டணமும், கிடைக்கும் ரீஃபண்டில் (கூடுதலாகக் கட்டி, திரும்பி வரும் வரிப் பணத்தில்) இத்தனை சதவீதம் என்ற கணக்கு. ரீஃபண்ட் ஏறினால் அவர் கூலியும் ஏறும். இல்லாத செலவைக் காட்டியிருந்தால் வரி, வட்டி, அபராதம் எல்லாம் நம் தலையில்தான் விடியும், கையெழுத்து நம்முடையதாயிற்றே. சீசன் முடிந்தால் போனையும் எடுக்கமாட்டார்.

இப்போதைய ஆடிட்டரைச் சொன்னது, என்னைப் போலவே பல வழிகளில் வருமானம் வரும் ஒரு நண்பர். கடைக்காரருக்குப் பிரமாதமாகக் கணக்குப் பார்ப்பவர் நமக்கும் சரிப்படுவார் என்பதில்லை. தொழில் அமைப்பின் உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனேன்.

முதல் சந்திப்பிலேயே பழைய ரிட்டர்னைப் புரட்டிவிட்டு, "இந்த ஃபண்டில் வந்த டிவிடெண்ட், அதாவது லாபப் பங்கு, கைக்கு வந்ததா, அதிலேயே திரும்பப் போட்டீர்களா?" என்று கேட்டார். அதிலேயே போனது என்றேன். அந்த டிவிடெண்டுக்கு வருடாவருடம் வரி கட்டியாகிவிட்டது. அப்படியென்றால் அந்தத் தொகையும் நான் வாங்கிய விலையோடு சேர வேண்டும். முந்தையவர் சேர்க்கவில்லை. விற்றபோது லாபம் பெரிதாகத் தெரிந்து, ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி போயிருந்தது. திருத்திய ரிட்டர்ன் கொடுத்தோம், பணம் திரும்பி வந்தது. அந்த ஒரு கேள்விக்காகவே இவரிடம் ஒட்டிக்கொண்டேன்.

நடுவில் வரித் துறையிடமிருந்து ஒரு நோட்டீஸும் வந்தது. டெபாசிட் வட்டியை வங்கி ஒவ்வொரு வருடமும் கணக்கில் ஏற்றியிருக்கிறது. நானோ முதிர்ந்தபோது கைக்கு வந்ததை மொத்தமாகக் காட்டியிருக்கிறேன். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் முதலில் பார்த்தது பதில் கொடுக்கக் கடைசித் தேதியைத்தான். அப்புறம் வங்கியிடம் வருடவாரியாக வட்டிச் சான்று வாங்கிவரச் சொன்னார், பதில் எழுதினார், முடிந்தது. இதற்குத் தனிக் கட்டணம் உண்டு; அதை ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்திருந்ததால் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. கெடு நெருங்கும்போது வேலையைப் பார்ப்பது உதவியாளர்கள்தான். ஒரு வருடம் வரைவில் என் வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. பார்க்காமல் விட்டிருந்தால் ரீஃபண்ட் சிக்கலில் மாட்டியிருக்கும். அதனால் வரைவு வந்ததும் கணக்கு எண்ணையும், போன வருட வருமானத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் சம்மதம் சொல்கிறேன். வரித் தளத்தின் பாஸ்வேர்டையும் கொடுப்பதில்லை, பிரதிநிதியாக அவருக்குத் தனி அனுமதி கொடுத்திருக்கிறேன். கட்டணமும் வருடத்துக்கு வருடம் ஏறுகிறது, அதில் எனக்கு முணுமுணுப்பு உண்டு.

ஒரே சம்பளம், வேறு வருமானம் இல்லை என்றால் இந்தச் செலவு தேவையே இல்லை. தேடுவதாக இருந்தால் சீசன் ஓய்ந்த பிறகு தேடுங்கள். கடைசி வாரத்தில் போனால் எவருக்கும் உங்கள் பழைய ரிட்டர்னைப் புரட்ட நேரம் இருக்காது.