வேலூர் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு ஓட்டல்கள்: வெளியூர் ஆட்களோடு சாப்பிடப் போகிறவர்களுக்கு

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, பக்கத்துச் சந்துகள் எங்கே பார்த்தாலும் ஓட்டல் போர்டில் தமிழோடு வங்காள எழுத்தும் இருக்கும். மேற்கு வங்கம், அசாம், திரிபுரா, ஜார்க்கண்ட் என்று வைத்தியத்துக்கு வருகிற கூட்டம்தான் இந்தக் கடைகளின் வியாபாரம். வங்காளதேசத்துக்காரர்களும் நிறைய வந்துகொண்டிருந்தார்கள்; 2024 ஆகஸ்டுக்குப் பிறகு விசா சுருங்கியதில் அந்தக் கூட்டம் குறைந்துவிட்டது. கடைகளை மூன்று ரகமாகப் பிரிக்கலாம்: தமிழ் மீல்ஸ் ஓட்டல், பிரியாணிக் கடை, வங்காள ஓட்டல்.

சர்வர்களுக்கு மொழி ஒரு தடையே இல்லை. இந்தியிலும் வங்காளத்திலும் சாப்பாட்டுப் பட்டியலை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். வாய்த்தகராறு வருவதெல்லாம் வேறு இடத்தில். எதற்குக் காசு, எதற்கு இல்லை, எது எத்தனை மணிக்குக் கிடைக்கும், எதை எதன் மேல் ஊற்றுவது என்பதை இரண்டு தரப்பும் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். நமக்கு அது பழக்கம், வந்தவருக்கு அது புதிர்.

மீல்ஸ் ஓட்டலில் முதல் சிக்கல் ஊற்றுவதில். வங்காளத்துச் சாப்பாட்டு முறையில் சாதம் தட்டில் மொத்தமாக இருக்கும். அதில் கொஞ்சம் ஒதுக்கிப் பருப்போடு, அடுத்த கொஞ்சம் காய்கறியோடு, பிறகு மீனோடு என்று போவார்கள். நம் சர்வர் வந்த வேகத்தில் சாதத்தின் நடுவில் சாம்பாரை ஊற்றிவிட்டுப் போவார். மொத்தச் சாதமும் நனைந்துவிட்டால் அவர்களுக்கு அதோடு சாப்பாடு முடிந்த மாதிரி. இலைக்குப் பதிலாகக் கிண்ணம் வைத்த தட்டுச் சாப்பாடு கேட்டால் இந்தத் தொல்லை இல்லை. இலைதான் என்றால், முதலில் பாதிச் சாதம் மட்டும் போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஒரு மீல்ஸை இரண்டு பேர் சாப்பிடுவது. நோயாளி நாலு வாய்தான் சாப்பிடுவார், கூட இருப்பவர் மீதியைப் பார்த்துக்கொள்வார் என்று ஒன்றே வாங்குவார்கள். அன்லிமிடெட் சாப்பாட்டில் கடைக்காரர் இதை விடமாட்டார். "ரெண்டு டோக்கன் போடுங்க" என்று சர்வர் சொன்னதும் வந்தவருக்கு முகம் சுருங்கும். கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுசோற்றுக்குக் கணக்கே இல்லாத விலை அது. இதற்குச் சுலபமான வழி அளவு சாப்பாடு, இல்லையென்றால் பார்சல். பல கடைகளில் ஒரு பார்சல் சாதம் இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும்.

தட்டில் வறுவல், ஆம்லெட், மீன் பொரித்தது என்று அடுக்கிக்கொண்டு சர்வர் மேஜைக்கு வரும் ஓட்டல்களில் கவனம் தேவை. தலையாட்டினால் வைத்துவிடுவார்கள், வைத்தது பில்லில் ஏறும். பொரியலும் கூட்டும் கேட்கக் கேட்க வந்ததால், இதுவும் அதில் சேர்த்திதான் என்று நினைப்பது இயல்பு. விலையைச் சொல்லிவிட்டு வைப்பதுதான் முறை. அப்படிச் செய்யும் கடைகள் குறைவு.

சைவம் என்ற போர்டும் முழுப் பதில் இல்லை. வங்காள இந்து வீடுகளில், குறிப்பாக வயதான பெண்களில் பலர், சைவச் சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு இரண்டையும் சேர்க்கமாட்டார்கள். நம் சாம்பாரில் சின்ன வெங்காயம், ரசத்தில் பூண்டு. அவர்களுக்கு வெண்பொங்கல் நல்ல தேர்வு: அரிசி, பாசிப்பருப்பு, மிளகு, சீரகம், இஞ்சி, நெய், அவ்வளவுதான். அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைக்கும் அவர்கள் ஊர்க் கிச்சடிக்கு நெருங்கிய சொந்தம் என்பதால் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்கள். சாம்பாரை மட்டும் ஊற்றவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தயிர் சாதமும் சரி, ஆனால் தயிர் இனிக்காது, உப்புப் போட்டிருக்கும் என்று எச்சரித்துவிடுவது நல்லது.

பிரியாணிக் கடையில்தான் ஏமாற்றம் அதிகம், அதுவும் காரணமில்லாமல். இங்கே கிடைப்பது ஆம்பூர், வாணியம்பாடி வகை: சீரக சம்பா அரிசி, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தயிர். பாஸ்மதி பழகியவர் பொடி அரிசியைப் பார்த்ததும் நொய் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பார். சீரக சம்பா சாதா அரிசியைவிட விலை கூடியது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்கா பக்கத்துக்காரர்கள் இதைக் கேட்பதில்லை, அவர்கள் ஊர்ப் பிரியாணி வகையான தெஹாரியே சின்னிகுரா என்ற பொடி அரிசியில்தான். ஆனால் "உருளைக்கிழங்கு எங்கே?" என்பது கொல்கத்தா, டாக்கா இரண்டு ஊர்க்காரர்களும் கேட்கும் கேள்வி. பிரியாணியில் உருளைக்கிழங்கு இல்லாதது அவர்களுக்குக் குறை. பிரியாணியில் உருளைக்கிழங்கா என்பது சர்வருக்குச் சிரிப்பு. பதிலுக்கு வைக்கும் கத்தரிக்காயையோ பாதிப்பேர் தொடுவதே இல்லை. புளிப்புக்கு அதையும், காரம் தணியத் தயிர் வெங்காயத்தையும் தொட்டுக்கொள்ளத்தான் பிரியாணியே அப்படிச் சமைக்கப்படுகிறது. (வேலூர் இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.)

இதைவிடப் பெரிய விபத்து குஸ்கா. கறித்துண்டு இல்லாத சாதம் என்பதால் விலை குறைந்த வெஜ் பிரியாணி என்று எண்ணிச் சைவக்காரர் வாங்கிவிடுவார். அது கறி வெந்த அதே அண்டாவில் எடுத்த சாதம். "நான்வெஜ் குஸ்காங்க" என்று கேட்காமலே சொல்லும் சர்வரும் உண்டு. சொல்லாத கடையே அதிகம். அதேபோல, ஒரே கடையில் மட்டனும் பீஃபும் இருக்கலாம் என்பதால் போர்டைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

நேர விஷயம். மதியம் மூன்றரைக்கு மேல் மீல்ஸ் ஓட்டலில் சோறு கிடைப்பது கஷ்டம், ராத்திரி டிபன்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சாதமும் மீனும் தேடுவது வங்காளத்துப் பழக்கம். "ரைஸ் இல்லை" என்று சர்வர் சொன்னால் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். காலையில் பரோட்டா கேட்டுக் கிடைக்காததும் இதே கதைதான், நம் பரோட்டா கல்லில் ஏறுவதே பெரும்பாலும் சாயங்காலம். காலைக்குப் பூரிக்கிழங்கு, ராத்திரிச் சோற்றுக்கு வங்காள ஓட்டல்.

வங்காள ஓட்டல்களில் கடுகெண்ணெய், ரோகு, கட்லா என்ற நன்னீர் மீன்கள், புளி போடாத குழம்பு. கடல் மீனும் புளிக்குழம்பும் பழகிய நம் ஆட்களுக்கு முதல் வாய் சப்பென்றுதான் இருக்கும், எண்ணெய் வாசனை வேறு மூக்கில் ஏறும். சாதம், பருப்பு, காய்கறி ஒரு விலை, மீன் துண்டுக்குத் தனி விலை; துண்டின் அளவைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

காபியில் சர்க்கரை போட்டேதான் வரும். சர்க்கரை நோயாளி கூட இருந்தால் ஆர்டரிலேயே சொல்லவேண்டும், டபரா வந்தபிறகு சொல்லிப் பயனில்லை. பில்லில் 5 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கலாம், சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம், அது கட்டாயமில்லை.

சுவைக்கு ஐந்தில் நாலு தரலாம், பிரியாணிக்கு இன்னும் அரை கூட. முன்கூட்டிச் சொல்வதில் இரண்டுக்கு மேல் தரமுடியாது. அளவு சாப்பாடு, மறுசோறு, சைடு டிஷ் விலை, சோறு முடியும் நேரம், குஸ்கா எந்த அண்டாவில் எடுப்பது: இந்த ஐந்தையும் வங்காளத்திலும் இந்தியிலும் ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் மாட்ட அரை மணி நேரம் ஆகாது. போர்டு எழுதத் தெரிந்தவர்களுக்கு இதுவா பெரிது?