மெதுவான பழைய கணினி: பழுது தேடுவதா, அழித்து நிறுவுவதா?

விண்டோஸ் 10 உள்ள பழைய மடிக்கணினி திறந்து நிலைகொள்ளவே ஐந்து நிமிடம் எடுத்தால், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். காரணத்தைத் தேட வேண்டியதில்லை என்பதும், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த வேண்டாத மென்பொருள்கள் ஒரேயடியாகப் போய்விடும் என்பதும் அவ்வழியின் வசதிகள். ஆனால் கோப்புகளை நகலெடுப்பது, பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தேடுவது, மறந்துபோன கடவுச்சொற்களை மீட்பது என ஒரு நாள் முழுவதும் அதிலேயே கழியும்.

பழுது தேடுவதற்கு அரைமணி நேரம் போதும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறக்கும்போது, டிஸ்க் பயன்பாடு 100 விழுக்காட்டிலேயே நின்றுகொண்டு, படிக்கும் வேகம் மட்டும் நொடிக்கு ஓரிரு மெகாபைட்டாக இருந்தால், கோளாறு பெரும்பாலும் சுழலும் வன்தட்டில்தான் இருக்கும். அதிலேயே விண்டோஸை மறுபடி நிறுவுவது ஓட்டைப் பானையைக் கழுவித் தண்ணீர் பிடிப்பதற்குச் சமம். அதற்குப் பதிலாக, சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியை மாற்றினால் அதே கணினி பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் திறந்துவிடும். ஓடும் மென்பொருள்களுக்கான தற்காலிக நினைவகமான மெமரி (ரேம்) நிரம்பி வழிந்தால், 4 ஜிபி ரேமை 8 ஆக்கலாம். கணினி திறக்கும்போதே தானாக ஓடத் தொடங்கும் மென்பொருள்களின் ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையற்றவற்றை முடக்குவதற்குச் செலவே இல்லை. விசிறியில் அடைத்த தூசியையும் பார்த்துவிட வேண்டும். சூடேறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

வன்தட்டும் மெமரியும் நலமாக இருந்தும் மந்தம் தீராதபோதோ, வைரஸ் ஆழமாகப் புகுந்துவிட்டபோதோ மட்டுமே நான் அழித்து நிறுவுவேன். எவ்வழியானாலும், படங்களையும் ஆவணங்களையும் வெளி வன்தட்டில் நகலெடுத்த பிறகே திருகாணியைத் தொடுவேன்.